மகள் இருக்கிறாளா என்று முதலில் கேளுங்கள்: டேவன்போர்ட் அரபுப் பெட்டை வாங்குவோருக்கான கேள்வி பதில்

அரபுக் குதிரைகளில் அரிய வம்சவழி ஒன்றில் முதல் பெட்டையை வாங்க நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. இலினாய்ஸில் ஐந்து பெட்டைகளோடும் பல் தேய்ந்த பொலிக்குதிரை ஒன்றோடும் பல ஆண்டுகளாகக் காலம் தள்ளுகிறவள். நான் ஏமாந்த இடங்களையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (நியூ ஜெர்சி): அக்கா, டேவன்போர்ட் என்பது பண்ணையின் பெயரா, இனத்தின் பெயரா?

இரண்டும் இல்லை, ஒரு மனிதரின் பெயர். ஹோமர் டேவன்போர்ட் ஓரிகன் மாநிலத்துக்காரர், பத்திரிகைகளில் அரசியல் கேலிச்சித்திரம் வரைந்தவர். 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் அரபுக் குதிரைகளைப் பார்த்து மயங்கினார். 1906இல் அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டின் ஆதரவும் உதுமானியச் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் அனுமதியும் பெற்று, இன்றைய சிரியாவிலுள்ள அலெப்போ பக்கம் போனார். பதூயின் என்ற பாலைவன நாடோடிக் குடிகள் வளர்த்த குதிரைகளில் 27ஐக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். அவற்றில் பெட்டைகள் பத்து மட்டுமே. பதூயின்கள் பொலிக்குதிரையை விற்பார்கள். பெட்டையைக் கொடுக்க மனம் வராது.

வெளிக்கலப்பு இல்லாமல் அந்த 27இன் வழியில் மட்டும் இறங்கியவற்றையே இன்று டேவன்போர்ட் என்கிறோம். அவர் 1912இல் இறந்தார். குதிரைகள் பல கைகளுக்குச் சிதறின. 1950களில் இலினாய்ஸ்காரர் சார்லஸ் கிரேவர் மிஞ்சியிருந்த முதிய குதிரைகளைத் தேடித் தேடிச் சேர்த்திராவிட்டால், இன்று நீங்கள் வாங்கவும் நான் பதில் சொல்லவும் எதுவும் இருந்திருக்காது.

கேள்வி (டெக்சாஸ்): எனக்கு இதுதான் முதல் குதிரை. அரிய வழியில் இறங்குவது அகலக்கால் வைப்பதாகுமா?

சவாரிதான் ஆசை என்றால், ஆமாம். பழகிய, பத்து வயது தாண்டிய, ஆண்மை நீக்கிய ஆண் குதிரை ஒன்றை முதலில் வாங்குங்கள். அதுவும் அரபாகவே இருக்கலாம். ஓராண்டு அதன் குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்யுங்கள், நள்ளிரவு வயிற்றுவலிக்கு மருத்துவரைக் கூப்பிடுங்கள், வைக்கோலுக்கும் உலர்புல்லுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள்.

அரிய வழிப் பெட்டை வேறு கணக்கு. அவளை வாங்கி முற்றத்தில் நிறுத்தி அழகு பார்த்தால், ஒரு கருப்பை அந்த வழிக்கு இல்லாமல் போகிறது. ஒரு பொலிக்குதிரைக்கு ஓராண்டில் பல குட்டிகள் பிறக்கலாம். பெட்டைக்கு ஆண்டுக்கு ஒன்று, அதுவும் எல்லாம் கூடிவந்தால். ஆகவே விற்பவரிடம் விலை கேட்கும் முன், "இவளுக்கு மகள் இருக்கிறாளா?" என்று கேளுங்கள். இருக்கிறாள் என்றால் நீங்கள் நிதானமாக இருக்கலாம். இல்லை என்றால், அந்த மகளைப் பெறவைக்கும் வேலையையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள்.

கேள்வி (ஒஹாயோ): 19 வயதுப் பெட்டையை ஏறக்குறைய சும்மா தருகிறார்கள். இதுவரை குட்டி ஈன்றதில்லை. எடுக்கலாமா?

இந்தக் கேள்விக்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே இதில் சறுக்கியிருக்கிறேன். என் முதல் பெட்டைக்கு 18 வயது. "கண்ணைப் பாருங்கள், நெற்றியைப் பாருங்கள்" என்று விற்றவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் கண்ணையே பார்த்தேன், வாலைத் தூக்கிப் பார்க்கவில்லை. மூன்று பருவம், மூன்று பொலிக்குதிரைகள், குட்டி மட்டும் இல்லை. நான்காம் ஆண்டுதான் காரணம் தெரிந்தது.

நீங்கள் வாலைத் தூக்கிப் பாருங்கள். பெண்குறியின் உதடுகள் செங்குத்தாக, இறுக்கமாகச் சேர்ந்திருக்க வேண்டும். வயதேறி மெலிந்த பெட்டைகளில் ஆசனவாய் உள்ளே இழுத்துக்கொள்ள, அதோடு பெண்குறியின் மேற்பகுதியும் சரிந்து படுக்கைவாட்டமாகிவிடும். நடக்கும்போது காற்றும் சாணமும் உள்ளே போகும், கருப்பையில் அழற்சி நிரந்தரமாகக் குடியேறும். என் பெட்டைக்கு நடந்தது இதுதான். மேற்பகுதியை மட்டும் தைத்து மூடும் சிறு அறுவை உண்டு; முன்பே செய்திருந்தால் உதவியிருக்கும்.

அடுத்தது கருப்பைத் திசுப் பரிசோதனை. உள்ளிருந்து சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, கென்னி–டாய்க் முறையில் தரம் சொல்வார்கள். முதல் தரத்தில் குட்டி பெறும் வாய்ப்பு நூற்றுக்கு 80 முதல் 90. இரண்டாம் தரத்தில் 'அ' பிரிவு என்றால் 50 முதல் 80, 'ஆ' பிரிவு என்றால் 10 முதல் 50. மூன்றாம் தரத்தில் பத்துக்கும் கீழே. ஒருமுறைகூட ஈனாத 19 வயதுக் கருப்பை முதல் தரத்தில் வந்தால் நான் வியப்பேன். ஈன்றால்தான் தேயும் என்று பலர் நினைக்கிறார்கள். சும்மா கிடந்தாலும் கருப்பைக்கு வயதாகிறது. கருப்பைவாய் நெகிழ்ந்து கொடுக்காததால் திரவம் தேங்கவும் செய்யும்.

அதனால் விட்டுவிடு என்கிறேனா? இல்லை. இரண்டாம் தரம் 'ஆ' வந்தாலும், அவளுடைய தாய்வழியில் வேறு பெட்டையே இல்லை என்றால், நானாக இருந்தால் முயல்வேன். அரபுக் குதிரைகளைப் பதிவுசெய்யும் சங்கமான அரேபியன் ஹார்ஸ் அசோசியேஷன் கருமாற்றத்தை ஏற்கிறது. அவள் கருவை இளம் பெட்டை ஒருத்தி சுமக்கலாம். செலவு கனக்கும். "ஏறக்குறைய சும்மா" என்ற அந்த விலை முதல் வசந்தத்திலேயே மறந்துபோகும்.

கேள்வி (கலிபோர்னியா): சான்றிதழில் குஹைலான் ஹைஃபி என்று போட்டிருக்கிறது. இதற்காகக் கூடுதல் விலை கேட்கிறார்கள். நியாயமா?

குஹைலான், ஸக்லாவி, ஹத்பான் என்பவை எல்லாம் தாய்வழிப் பெயர்கள். தாய், அவளுடைய தாய், அவளுடைய தாய் என்று மேலே போகும் ஒரே இழை. பத்துத் தலைமுறை மேலே போனால் வம்சாவளியில் 1,024 இடங்கள். அந்த இழை தொடுவது அதில் ஒன்றை. பெயரைக் கேட்டே "இவள் கட்டுடல்காரி, அவள் ஒயிலானவள்" என்று அடித்துப் பேசுகிறவர்களை நான் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வேன்.

ஆனால் பதூயின்கள் மடையர்கள் இல்லை. தகப்பன் யார் என்பதில் தகராறு வரலாம், எந்த வயிற்றிலிருந்து விழுந்தது என்பதில் வராது. தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டியதில்லை என்று நம் ஊரில் பெண் பார்க்கப் போகிறவர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதே நியாயம்தான். முடிந்தால் பெட்டையின் தாயைப் போய்ப் பாருங்கள். அதற்குப் பெட்ரோல் செலவழியுங்கள், பெயருக்குக் கூடுதல் விலை வேண்டாம். அந்தத் தாய்வழியில் பெட்டைகள் இரண்டு மூன்றுதான் மிச்சம் என்றால் மட்டும் என் பதில் மாறும்.

இன்னொன்று. வாதவூரர் கதையில் பரிகள் ஒரே இரவில் நரிகளாயின. காகிதத்தில் பரியும் லாயத்தில் நரியுமாக நிற்பதை இங்கேயும் பார்த்திருக்கிறேன். ஒருமுறை நான் பார்க்கப்போன பெட்டையின் சான்றிதழில் இடது பின்காலில் வெள்ளை என்று இருந்தது. லாயத்தில் நின்றவளுக்கு வெள்ளை வலது காலில். விற்றவர் அது எழுத்துப் பிழை என்றார். நான் வண்டியைத் திருப்பினேன். நீங்கள் பிடரி மயிரை வேரோடு இருபது முப்பது பிடுங்கி மரபணுச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், சான்றிதழில் உள்ளவர்கள்தான் பெற்றோரா என்று தெரிந்துவிடும்.

கேள்வி (மிச்சிகன்): மரபுநோய்ச் சோதனையில் ஒன்றில் 'சுமப்பவள்' என்று வந்துவிட்டது. கைவிடவா?

வேண்டாம். அரபுக் குதிரைகளில் பார்க்க வேண்டியவற்றில் முக்கியமானவை மூன்று. எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறந்து, பெரும்பாலும் ஐந்து மாதத்துக்குள் குட்டி இறந்துபோகும் எஸ்சிஐடி. சிறுமூளை தேய்ந்து தலை நடுங்கி, கால் தடுமாறும் நோய். வெளிறிய ஈயநிற மயிரோடு பிறந்து எழுந்து நிற்கவே முடியாமல் போகும் 'லாவெண்டர்' குட்டி நோய். மூன்றிலும் நோய்க்கான மரபணுவைத் தாயும் தகப்பனும் இருவருமே சுமந்தால்தான் குட்டிக்கு ஆபத்து, அதுவும் நான்கில் ஒன்றுக்கு. ஒருவர் மட்டும் சுமந்தால் குட்டி நோயில்லாமல் பிறக்கும். பாதி வாய்ப்பில் அதுவும் சுமக்கும்.

ஆகவே சோதனையில் சுத்தமாக வந்த பொலிக்குதிரையோடு மட்டும் சேருங்கள், சுமக்காத மகளை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய இனத்தில் ஒரு பெட்டையை ஒதுக்கினால் யாருக்கும் நட்டமில்லை. சிறு கூட்டத்தில் அப்படி ஒதுக்கினால், அவளிடம் மட்டுமே இருக்கும் நல்ல கூறுகளும் சேர்ந்து போய்விடும். சோதனையே செய்யமாட்டேன் என்கிற விற்பனையாளரைத்தான் கைவிட வேண்டும்.

கேள்வி (அதே வாசகர்): நிறம் வெள்ளை. பரவாயில்லையா?

பிறக்கும்போது வெள்ளையாக இருந்திருக்கமாட்டாள், நரைத்தவள். இந்த நரைக் குதிரைகளில் 15 வயது தாண்டியவற்றில் பத்தில் எட்டுக்குத் தோலில் கருங்கட்டி வரும். வாலடியில் தடவிப் பாருங்கள். மிளகு மிளகாகச் சில இருந்தால் பெரும்பாலும் அவற்றோடே பல ஆண்டு வாழ்வாள். கொத்தாக, சாணம் போட முடியாதபடி இருந்தால் யோசியுங்கள்.

கேள்வி (வர்ஜீனியா): ஒரே ஒரு பெட்டை போதும்தானே?

போதாது. குதிரை தனியாக வாழும் பிராணி இல்லை. துணைக்குக் கிழட்டுக் குட்டைக்குதிரை ஒன்றாவது வேண்டும்.

கேள்வி (கோயம்புத்தூர்): அம்மா, இப்படி ஒரு பெட்டையை நம் ஊருக்குக் கொண்டுவர முடியுமா?

தம்பி, காகித வேலையும் நோய்த்தடுப்புத் தனிமைப்படுத்தலும் முடித்து விமானத்தில் ஏற்றிவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு அவளுக்குத் துணையாக அதே வழிப் பொலிக்குதிரை எங்கே? அவள் உங்களிடம் ஒற்றை மரமாக நிற்பாள், வழியும் ஒரு பெட்டையை இழக்கும்.

அரபுக் குதிரைகள் நம் கரைக்குப் புதியவை அல்ல. 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர்கள் கடல்வழியாக ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். குதிரைகளுக்கு இங்கே சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துப் போட்டார்கள் என்றும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் அவை செத்துப்போயின என்றும், நல்ல பெட்டையை நல்ல பொலிக்குதிரையோடு சேர்த்தாலும் கால் கோணிய சிறு குட்டிதான் பிறந்தது என்றும் மார்க்கோ போலோ எழுதுகிறார். ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வாங்கவே நேர்ந்தது. குதிரை மேலேயே ஆசை என்றால் நம் நாட்டிலேயே குஜராத்தின் காத்தியவாரி இருக்கிறது, ராஜஸ்தானின் மார்வாரி இருக்கிறது.

கேள்வி (மினசோட்டா): விற்க மனமில்லை, குத்தகைக்குத் தருகிறேன் என்கிறார் ஒரு முதியவர்.

கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் பெட்டைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு குட்டிக்கு மட்டும் குத்தகை. ஈன்றதும் பெட்டை அவரிடம் திரும்பும், குட்டி உங்களுடையது. 11 மாதச் சினையில் அவர் அனுபவம் முழுக்க உங்களுக்கு வந்துவிடும். எழுத்தில் போடுங்கள்: மருத்துவச் செலவு யாருடையது, சினை கலைந்தால் மறுபருவம் உண்டா, ஆண் குட்டி பிறந்தால் இன்னொரு வாய்ப்பு உண்டா, அவர் காலமானால் என்ன. கடைசியைக் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். கேளுங்கள். குத்தகையைச் சங்கத்திலும் பதிவுசெய்யுங்கள்.

கேள்வி (டெக்சாஸ், மறுபடியும்): வாங்கிவிட்டேன் அக்கா! ஏழு வயது, ஒரு மகள் உண்டு. இலினாய்ஸிலிருந்து வண்டியில் வருகிறாள். என்ன தயார் செய்ய?

வாழ்த்துகள். அங்கே தின்ற அதே உலர்புல் பத்துக் கட்டாவது கூடவே ஏற்றச் சொல்லுங்கள். தீனியை ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுவலி வரலாம். புது ஊர்த் தண்ணீரைப் பல பெட்டைகள் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும், ஆகவே பழைய இடத்துத் தண்ணீர் இரண்டு கேன். வழியில் நான்கைந்து மணிக்கு ஒருமுறை நிறுத்தித் தலையைத் தாழ்த்த விடவேண்டும், இல்லையென்றால் மூச்சுக்குழாயில் தூசியும் கிருமியும் தங்கிக் காய்ச்சல் வரலாம். இறங்கியதும் இரண்டு மூன்று நாள் காலையும் மாலையும் வெப்பமானி வைத்துக் குறித்துவாருங்கள். 101.5 பாரன்ஹீட்டுக்கு மேல் போனால் மருத்துவரைக் கூப்பிடுங்கள், என்னை அல்ல.