படிப்பும் நன்றாக இருக்க வேண்டும், பக்கத்தில் பனிச்சறுக்கு மலையும் வேண்டும்: எந்தப் பல்கலைக்கழகம்?

யோசிக்காமல் யூட்டா பல்கலைக்கழகம் என்பேன், சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறதே, அதுதான். நான் அங்கே கம்ப்யூட்டர் சயன்ஸில் எம்.எஸ். படித்தேன், ஸ்னோபோர்டிங் (இரண்டு காலையும் ஒரே பலகையில் வைத்துப் பனியில் சறுக்குவது) கற்றுக்கொண்டதும் அங்கேதான், அதனால் கொஞ்சம் பாசத்தோடுதான் பேசுவேன்.

முதலில் படிப்பு. 1969-ல் இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட்டில் முதன்முதலாக இணைந்த நான்கு இடங்களில் யூட்டாவும் ஒன்று. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் என்ற துறை வளர்ந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு, அனிமேஷன் படங்கள் எடுக்கும் பிக்ஸாரைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல் 1974-ல் பிஎச்.டி. வாங்கியது இங்கேதான். மரபணு ஆராய்ச்சிக்காக 2007-ல் மருத்துவ நோபல் பெற்ற மாரியோ கபெக்கியும் இங்கே பேராசிரியர். மலைக்காகப் படிப்பை விட்டுக்கொடுத்தோம் என்கிற எண்ணம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

அப்புறம் மலை. ஆல்டா, ஸ்னோபேர்ட், பிரைட்டன், சாலிட்யூட், இந்த நான்கும் சாலை நன்றாக இருந்தால் வளாகத்திலிருந்து சுமார் முக்கால் மணி நேரத்துக்குள். ஸ்னோபோர்டு பழகப் போகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள், ஆல்டாவில் ஸ்னோபோர்டுக்கு அனுமதி கிடையாது, ஸ்கீ (காலுக்கு ஒன்றாக இரண்டு பட்டைகளில் சறுக்குவது) மட்டும்தான். அமெரிக்காவில் இப்படி மூன்றே இடங்கள், அதில் இரண்டு யூட்டாவில் இருக்கின்றன (இன்னொன்று டீர் வேலி).

எல்லோரும் மேப்பைத் திறந்து எத்தனை மைல் என்று பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் மைலை விட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: கிளாஸ் முடிந்த பிறகு, கார் இல்லாமல், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போய்வர முடியுமா? சனி, ஞாயிறு மட்டும்தான் போக முடியும் என்றால், பரீட்சை, அசைன்மென்ட், உடம்பு சரியில்லாத வாரம் எல்லாம் கழித்து ஒரு குளிர்காலத்தில் ஏழெட்டு நாள் மிஞ்சினாலே பெரிது. என்னைக் காப்பாற்றியது பிரைட்டனின் இரவுச் சறுக்கு. விளக்கு போட்டு, சறுக்குகிறவர்களை மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டை இரவு வரை ஓட்டுவார்கள், கூட்டமும் குறைவு. மதியத்தோடு கிளாஸ் முடிகிற மாதிரி டைம்டேபிளை அமைத்துக்கொண்டு, முழங்கால்களுக்கு நடுவே பூட்ஸை இடுக்கிக்கொண்டு, மடியில் அல்காரிதம்ஸ் நோட்டை விரித்து வைத்துப் பள்ளத்தாக்கில் ஏறும் ஸ்கீ பஸ்ஸில் படித்துக்கொண்டே போவேன். மறுநாள் காலை லேபில் ஹீட்டர் மேல் என் கையுறை காய்ந்துகொண்டிருக்கும், பக்கத்திலேயே வேறு யாருடையதாவது இன்னொரு ஜோடியும் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்னோபேர்ட், ஆல்டா போகும் பள்ளத்தாக்குச் சாலை பனிச்சரிவு அபாயத்தால் அடிக்கடி மூடப்படும். ஒரு தடவை நான் மேலேயே மாட்டிக்கொண்டு, சாலை திறக்கும் வரை காத்திருந்து, நள்ளிரவு தாண்டித்தான் அறைக்கு வந்தேன், காலை எட்டரைக்குத் தேர்வு. அதிலிருந்து தேர்வுக்கு முந்தின நாள் எவ்வளவு நல்ல பனி விழுந்தாலும் மலைப் பக்கம் போவதில்லை என்று வைத்துக்கொண்டேன், நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

யூட்டா ஒத்துவரவில்லை என்றால்? இயற்பியல், விண்வெளிப் பொறியியல் என்றால் போல்டரில் இருக்கும் கொலராடோ பல்கலைக்கழகம் அருமையான இடம், 2001 இயற்பியல் நோபலில் இரண்டு பேர் அங்கிருந்துதான். எல்டோரா மலைக்குப் பஸ்ஸிலேயே போய்விடலாம். ஆனால் வெய்ல் (Vail), பிரெக்கன்ரிட்ஜ் மாதிரி பெரிய மலைகளுக்கு ஐ-70 நெடுஞ்சாலையில்தான் போக வேண்டும், சனிக்கிழமை காலை அந்த நெரிசல் பொறுமையைச் சோதிக்கும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் டார்ட்மத் கல்லூரிக்குச் சொந்தமாகவே ஒரு ஸ்கீ மலை இருக்கிறது. மலை சின்னதுதான், ஆனால் அடிக்கடி போய்வரலாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! கனடாவின் வான்கூவரில் யு.பி.சி. (பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம்) கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம், நகரத்தை ஒட்டியே கிரவுஸ், சைப்ரஸ், சீமோர் என்று மூன்று மலை, மூன்றிலும் இரவுச் சறுக்கு உண்டு, விஸ்லர் இரண்டு மணி நேரத்தில். கடலோர ஊர் என்பதால் கீழ்மலைகளில் பனி சில சமயம் மழையாகிவிடும், அது ஒன்றுதான் குறை. ஐரோப்பா என்றால் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக், நகர மையத்திலேயே ரயிலேறி, மேலே கேபிள் கார் மாறி, நேராக நார்ட்கெட்டே மலையில் இறங்கலாம். அங்கே சரிவுகள் செங்குத்து, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்றதல்ல. இளநிலைப் படிப்பும் பெரும்பாலும் ஜெர்மனில்தான் நடக்கும்.

செலவு பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் பெரிய மலைகளில் ஒரு நாள் டிக்கெட்டே 200 டாலரைத் தாண்டிவிடும், அதனால் மாணவர் சீசன் பாஸைக் குளிர்காலம் நெருங்குவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள், தள்ளிப்போடப் போட விலை ஏறும். ஸ்னோபோர்டு பழகுகிறவர்கள் மணிக்கட்டுப் பாதுகாப்பு உறையும் வாங்குங்கள், விழும்போது கை தானாகவே தரையில் ஊன்றும், முதல் சீசனில் என் நண்பன் அப்படித்தான் மணிக்கட்டை உடைத்துக்கொண்டு ஆறு வாரம் இடது கையாலேயே டைப் செய்தான்.

எந்தத் துறை, எம்.எஸ்ஸா பிஎச்.டி.யா என்று கமென்டில் எழுதுங்கள், யூட்டாவில் அந்தத் துறை பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன்.