நன்னாரி இண்டிகாவா, இண்டிகஸா?

கேள்வி: பள்ளித் தோட்டத்துக்குத் தாவரவியல் பெயரோடு பெயர்ப்பலகை எழுதுகிறோம். மாமரத்துக்கு ‘மாஞ்சிஃபெரா இண்டிகா’, எள்ளுக்கு ‘செசமம் இண்டிகம்’, நன்னாரிக்கு ‘ஹெமிடெஸ்மஸ் இண்டிகஸ்’ என்கிறது புத்தகம். எல்லாம் ஒரே சொல்தானே? எல்லாவற்றுக்கும் ‘இண்டிகா’ என்றே எழுதலாமா?

பதில்: வேண்டாம், மூன்றும் சரி. ‘இந்திய’ என்று பொருள்படும் சொல் ஒன்றுதான், விகுதிதான் வேறு. நமக்கு நல்ல பையன், நல்ல பெண், நல்ல மாடு என எங்கும் ‘நல்ல’ ஒன்றே போதும். லத்தீனில் பெயரடை தன் பெயர்ச்சொல்லின் பாலைப் பின்பற்றியாக வேண்டும்: ஆண்பாலுக்கு இண்டிகஸ், பெண்பாலுக்கு இண்டிகா, இரண்டும் அல்லாததற்கு இண்டிகம். இங்கே அந்தப் பெயர்ச்சொல், முதலில் வரும் பேரினப் பெயர். அதனால் பேரினம் மாறினால் விகுதியும் மாறும். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் நன்னாரிக்கு வைத்த பெயர் ‘பெரிப்ளோகா இண்டிகா’. பிறகு அது ஹெமிடெஸ்மஸுக்குப் போனதும் ‘இண்டிகஸ்’ ஆகிவிட்டது.

அப்படியானால் ‘அஸ்’ என்று முடிந்தால் ஆண்பால் என்று வைத்துக்கொள்ளலாமா? அங்கேதான் புளியமரம் காலை வாரும். அது ‘டமரிண்டஸ் இண்டிகா’. அரசமரமும் அப்படித்தான், ‘ஃபைகஸ் ரிலிஜியோசா’. லத்தீனில் மரப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பால். அந்த வழக்கம் தாவரவியலிலும் தொடர்கிறது. ஆகவே காதில் விழுவதை நம்பாமல், பெயரை முழுதாகப் பார்த்து எழுதுங்கள். வெற்றிலையின் ‘பைப்பர் பீட்டல்’ போல இரண்டாம் சொல் பெயர்ச்சொல்லாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, அது மாறாது.

‘இண்டிகா’ என்ற சொல்லின் பூர்வீகம் சிந்து நதி. பாரசீகர் வாயில் சிந்து ‘ஹிந்து’ ஆனது. கிரேக்கர் ‘ஹ’வையும் விட்டுவிட்டு ‘இந்தோஸ்’ என்றார்கள். அதிலிருந்து வந்த ‘இந்திகோஸ்’ என்ற பெயரடைதான் லத்தீனில் இண்டிகஸ். ‘டமரிண்டஸ்’ என்பதே அரபியின் ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை. ஆக, புளியின் பெயரில் இந்தியா இரண்டு முறை இருக்கிறது. மரமோ ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது!

அப்புறம், ‘இண்டிகா’வைப் பார்த்ததும் பலகையில் ‘நம் நாட்டுத் தாவரம்’ என்று சேர்த்துவிடாதீர்கள். அமெரிக்கத் தீவுகளையும் ஐரோப்பியர் ‘இண்டீஸ்’ என்றே அழைத்தார்கள். உங்கள் தோட்டத்தில் கல்வாழை இருந்தால் அதன் பெயர் ‘கன்னா இண்டிகா’, ஊர் அமெரிக்கா.