பாத்ரூம் கதவை முதலில் அளந்து பாருங்கள்

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. கட்டட வேலையில் சாரம் சரிந்து இரண்டாவது மாடியிலிருந்து விழுந்துவிட்டான். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை, கைகள் நன்றாக இருக்கின்றன. நான்கு மாதமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறான். இன்னும் மூன்று வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நாங்கள் கொசப்பேட்டையில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம், 18 படி ஏற வேண்டும். கீழ்வீடு தேடி அலைகிறேன். வீல்சேர் என்றதுமே "டைல்ஸ்ல கீறல் வுழும்மா, வேற எடம் பாரு" என்கிறார்கள். அம்மாவுக்கு முட்டி வலி. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் ஊரில் இல்லை. "ஏதாவது ஒரு ஹோமில் விட்டுவிடு" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். எங்கள் ரேஷன் கார்டு இன்னும் ஆற்காட்டில்தான் இருக்கிறது. வீடு எங்கே தேடுவது? அரசாங்கத்தில் என்ன கிடைக்கும்?
பெயர் வேண்டாம், வேலூர்

பதில்: அன்புத் தங்கைக்கு,

வீல்சேருக்கென்றே கட்டின வீடு வேலூரில் டூலெட் போர்டு மாட்டிக்கொண்டு உங்களுக்காகக் காத்திருக்காது. என் அக்காவுக்குச் சின்ன வயதில் போலியோ. அவளுக்காகக் காட்பாடியில் மூன்று முறை வாடகை வீடு தேடினவள் நான். சரியான வீடு ஒரு முறைகூட அமையவில்லை. சின்னச் சின்ன மாற்றம் செய்ய ஒத்துக்கொள்கிற வீட்டுக்காரர் மட்டும் இரண்டு முறை கிடைத்தார். அதனால் வீட்டைவிட வீட்டுக்காரரைத் தேடுங்கள். ஆனால் எது மாற்றக்கூடியது, எது மாற்ற முடியாதது என்பது தெரிந்திருந்தால்தான் வாசலிலேயே முடிவெடுக்க முடியும்.

நாம் எல்லோரும் முதலில் வாசற்படியைத்தான் பார்ப்போம். நீங்கள் நேராகப் பாத்ரூமுக்குப் போங்கள். தம்பியின் வீல்சேரை, தள்ளுகிற வளையத்தின் வெளி ஓரம் வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் 25, 26 அங்குலம் வரும். பழைய வீடுகளில் பாத்ரூம் கதவு இரண்டரை அடிதான். அதிலும் நிலையை அளந்து ஏமாறாதீர்கள். கதவைத் திறந்து வைத்த பிறகு மிஞ்சுகிற இடைவெளிதான் கணக்கு. 32 அங்குலம் இருந்தால் நிம்மதி. ஓரிரண்டு அங்குலம் குறைந்தால் கதவைக் கழற்றி வைத்துவிட்டுத் திரை போடலாம். உள்ளே திறக்கிற கதவை வெளியே திறக்கும்படி மாற்றுவது இன்னும் நல்லது. உள்ளே விழுந்துவிட்டால் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், யாரும் போய்த் தூக்க முடியாது.

அடுத்தது, கழிவறைக்குள் மேடை இருக்கிறதா பாருங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒரு படி ஏறி உட்காருகிற மாதிரிதான் கட்டியிருப்பார்கள். அந்த மேடையை இடிக்க எந்த வீட்டுக்காரரும் சம்மதிக்க மாட்டார். அந்த வீட்டை விட்டுவிடுங்கள். தரை சமமாக இருந்தால் இந்தியன் கிளாசட் என்றாலும் பரவாயில்லை, நடுவில் ஓட்டை வைத்த சக்கர கமோடு நாற்காலியை அதன்மேல் உருட்டிக்கொண்டு போய் நிறுத்தலாம். லைன் வீடுகளில் நாலு குடும்பத்துக்கு ஒரு கழிவறை, அதுவும் கொல்லைப்பக்கம். வாடகை குறைவு என்று அதில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். உங்கள் தம்பி சிறுநீருக்குத் தானே டியூப் போட்டுக்கொள்ளப் பழகியிருப்பார். ஒரு நாளைக்கு நாலைந்து முறை சுத்தமான இடமும் மறைவும் வேண்டும்.

இப்போது வாசலுக்கு வருவோம். ராம்ப் கணக்கு இதுதான்: 1 அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம். 6 அங்குலப் படி ஒன்றே ஒன்று என்றால் 6 அடிப் பலகை போதும். மூன்று படி என்றால் 18 அடி. கொசப்பேட்டைத் தெருவில் 18 அடிக்கு எங்கே போவது? சாக்கடையைத் தாண்டி எதிர்வீட்டுத் திண்ணையில் போய் முட்டும். பின்னால் ஒருவர் பிடித்துத் தள்ளினால் செங்குத்தான பலகையிலும் ஏற்றலாம்தான். ஆனால் உங்கள் அம்மாவுக்கு முட்டி வலி, உங்கள் கணவர் பாதி நாள் ஊரில் இல்லை. யார் தள்ளுவது? அதனால் மூன்று படியோ அதற்கு மேலோ உள்ள வீட்டுக்கு உள்ளே போய்ப் பார்க்கிற வேலையே வேண்டாம். ஒரு படி, இரண்டு படி மட்டும். உள்ளே தம்பி வீல்சேரைத் திருப்பிக்கொள்ள 5 அடிக்கு 5 அடி காலி இடம் ஏதாவது ஓர் அறையிலாவது வேண்டும். பீரோவை நகர்த்தினாலே பல வீடுகளில் அது கிடைத்துவிடும்.

வேலூர் வெயிலையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு உணர்வில்லாத பகுதியில் வியர்வையும் ஒழுங்காக வராது, அதனால் உடம்பு சூட்டைத் தணித்துக்கொள்ளத் திணறும். கத்திரி வெயிலில் சீட் போட்ட வீடு நமக்கு எரிச்சலாக இருக்கும், அவருக்கு ஆபத்து. தளம் போட்ட வீடாக, மேலே இன்னொரு மாடி இருக்கிற வீடாகப் பார்த்தால் நல்லது. வெந்நீர் வாளியை அவர் காலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சுட்டால் தெரியாது, கொப்பளம் வந்த பிறகுதான் கண்ணில் படும்.

வீட்டுக்காரரிடம் பேசும்போது வீல்சேரில் ஆரம்பிக்காதீர்கள். மறைக்கவும் வேண்டாம், அது பின்னால் சண்டையில்தான் முடியும். "வாசலில் கழற்றி எடுக்கிற மாதிரி ஓர் இரும்பு ராம்ப் வைக்கிறோம், பாத்ரூமில் இரண்டு பிடிகம்பி போடுகிறோம், காலி செய்யும்போது ஓட்டையை அடைத்துப் பெயின்ட் அடித்துத் தருகிறோம்" என்று சொல்லி, அதையே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். வெல்டிங் பட்டறையில் செக்கர் பிளேட் (வழுக்காத புடைப்புத் தகடு) வைத்து அந்த ராம்பைச் செய்து தருவார்கள், அடுத்த வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். டைல்ஸ் பற்றிக் கேட்டால், ரப்பர் டயர் கீறாது, சாப்பாட்டு நாற்காலியை இழுத்தால்தான் கீறும் என்று சொல்லுங்கள். அட்வான்ஸ் பத்து மாதம் கேட்டால் இதையும் நினைவில் வையுங்கள்: தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017இன்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது.

ஒரு விஷயம் எனக்கு ஆறவே ஆறாது. இந்த ஊரில் பாதிப் பேர் வெளியூர் நோயாளிகளை நம்பித்தான் பிழைக்கிறோம். லாட்ஜில் நாள் வாடகைக்கு வருகிற வீல்சேருக்கு ராஜ மரியாதை. அதே வீல்சேர் மாத வாடகைக்கு வந்தால் கீறல் விழுகிறதாம். 1954இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்த ஊர் இது. 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் எழுந்ததும் அவர் முயற்சியில்தான். சரி, வீட்டுக்காரர்களைத் திட்டி உங்களுக்கு வீடு கிடைக்கப் போவதில்லை.

எந்தப் பக்கம் தேடுவது என்றால், கொசப்பேட்டை, சைதாப்பேட்டைச் சந்துகளை விட்டு வெளியே வாருங்கள். காட்பாடி காந்தி நகர், சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு பகுதிகளில் தெரு அகலமாக இருக்கும், வாசல் வரை ஆட்டோ வரும். மலையடிவாரப் பக்கம் மட்டும் ஏற்றம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தெரப்பிக்கு அடிக்கடி பாகாயம் போக வேண்டியிருந்தால் தொரப்பாடி, ஓட்டேரி பக்கம் நல்லது, ஆட்டோ செலவு மிச்சம். மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் போகும் ஒருவருக்கும் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது என்பது உண்மைதான். அந்தப் பஸ்ஸில் வீல்சேரை யார் ஏற்றுவது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

டிஸ்சார்ஜுக்கு முன்னால் ஆக்குபேஷனல் தெரப்பிஸ்டிடம் (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குகிறவர்) வீட்டின் போட்டோவையும் அளவுகளையும் காட்டுங்கள். எதை மாற்றலாம் என்று அவர்கள் சொல்வார்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் பலகை வைத்து நகர்வது, படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்வது, இரண்டையும் தம்பியோடு சேர்ந்து நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். பலகை பழகிவிட்டால் அவரை யாரும் தூக்க வேண்டியதில்லை. அம்மாவின் முட்டியும் தப்பிக்கும்.

இனி அரசாங்கக் காகிதங்கள். 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததிலிருந்து ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டம். கார்டு அங்கே, ஆள் இங்கே என்றால் இரண்டு அலுவலகமும் உங்களைப் பந்தாடும். எங்கள் உறவில் ஒருவர் இப்படியே ஒரு வருஷம் அலைந்தார். முதல் வேலையாகக் கார்டை வேலூர் முகவரிக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் எல்லா மனுவையும் ராணிப்பேட்டையிலேயே கொடுங்கள். இரண்டு படகில் கால் வேண்டாம். அப்புறம் யூ.டி.ஐ.டி. அட்டைக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டைக்கு, விண்ணப்பியுங்கள். அரசு மருத்துவக் குழு பார்த்துச் சதவீதம் போட்டுத் தரும். எதற்குப் போனாலும் இந்த அட்டையைத்தான் கேட்பார்கள். முதுகுத்தண்டு பாதிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு, பேட்டரி வீல்சேரும் தருகிறார்கள். இரண்டுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். சொந்த வீடு பற்றியும் இப்போதே எழுதிப் போடுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 37ஆவது பிரிவு, அரசு வீட்டுத் திட்டங்களில் 5 சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது. திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் கலெக்டரிடம் கொடுக்கும் மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, "தரைத்தளம் வேண்டும்" என்றும் சேர்த்து எழுதுங்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள். நாளைக்கே வீடு வந்துவிடாது, ஆனால் வரிசையில் பெயர் இருக்கட்டும்.

ஹோம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கைகள் நன்றாக இருக்கிற 26 வயதுப் பையனை, வாசலில் ஒரு படி அதிகம் என்பதற்காக ஹோமில் விடுவது எனக்குச் சம்மதமில்லை. வீடு அமைகிற வரை ஒரு மாதம், இரண்டு மாதம் எங்காவது தங்கவைக்க நேர்ந்தால் அது வேறு, அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தில் அம்மா இருக்கிறார், சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், தம்பி என்ன சொன்னார் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டு, ஓர் ஆட்டோ பிடித்து அவரையே அந்த வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். அந்தக் கதவில் நுழைந்து பார்க்க வேண்டியவர் அவர்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். இது வேலை செய்யும் இடத்தில் நடந்த விபத்து. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி இதற்கு நஷ்டஈடு கேட்கலாம். மேஸ்திரி "ஆஸ்பத்திரிச் செலவு கொடுத்தாச்சே" என்று சொன்னால் அதோடு முடிந்துபோகாது. கேட்பதற்குக் காலக்கெடு விபத்து நடந்த நாளிலிருந்து 2 வருஷம், அதில் 4 மாதம் ஏற்கெனவே போய்விட்டது. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் தம்பி பதிவு செய்திருந்தால் அந்த அட்டையையும் தேடி எடுங்கள், அதிலும் விபத்து உதவி உண்டு. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று தயங்காதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேளுங்கள். அன்றைக்குச் சாரத்தில் கூட வேலை செய்தவர்கள் யார் யார் என்று தம்பியிடம் கேட்டு, பெயரையும் போன் நம்பரையும் இன்று சாயங்காலமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கட்டடத்துக்கு, அடுத்த ஊருக்கு என்று போய்விட்டால் அப்புறம் அவர்களைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.