கணினிக் கேள்வி பதில்: ஒரே கிளிக்கில் ஸ்கிரிப்டை இயக்க

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். எங்கள் கோவில் அலுவலகக் கணினியில் உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறது. பூசைப் பதிவேடுகள், தைப்பூசக் காவடிப் படங்கள், தமிழ் வகுப்பு ஒலிப்பதிவுகள் ஆகியவற்றை வெளி ஹார்டு டிஸ்க்குக்குப் படியெடுக்க என் மருமகன் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். கட்டளைகளைத் தட்டச்சிடும் ஜன்னலான டெர்மினலில் கட்டளை கொடுத்தால் அது ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் அலுவலகத்தைக் கவனிக்கும் பெரியவர்களுக்கு டெர்மினல் பழக்கமில்லை. அந்தக் கோப்பை டெஸ்க்டாப்பில் வைத்து இரண்டு முறை கிளிக் செய்தால், ஓடாமல் வெறும் எழுத்துகளாகத் திறக்கிறது. ஓர் ஐகானை அழுத்தினால் வேலை நடக்கும்படி செய்ய வழி உண்டா? ஐகானின் பெயர் தமிழில் இருந்தால் இன்னும் நல்லது.
– வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: வழி உண்டு, அதற்குப் புதிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஸ்கிரிப்ட் என்பது கட்டளைகள் எழுதப்பட்ட சாதாரண எழுத்துக் கோப்பு என்பதால், அதைப் படிக்க விரும்புகிறீர்கள் என்று கருதியே கணினி அதை எடிட்டரில் திறக்கிறது. யாரோ அனுப்பிய கோப்பு கை தவறிப் பட்ட கிளிக்கில் ஓடிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பும் இதில் இருப்பதால், அதை மாற்ற முயல வேண்டாம். ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அதை எப்படி அழைப்பது என்று டெஸ்க்டாப்புக்குச் சொல்லும் சிறு கோப்பு ஒன்றைத் தனியாக எழுதுவதே சரியான முறை. இதன் இலக்கணத்தை ஃப்ரீடெஸ்க்டாப் என்னும் பொது முயற்சி வகுத்திருக்கிறது. ஆகவே தென்னாப்பிரிக்காவின் வெல்கம் நகரில் பிறந்த நம் நாட்டு மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கி, 2004 அக்டோபரில் முதல் பதிப்பு கண்ட உபுண்டுவுக்கும், லினக்ஸ் மிண்ட், ஃபெடோரா போன்றவற்றுக்கும் ஒரே வகைக் கோப்புதான்.

எடிட்டரில் புதிய கோப்பு ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். நம் இதழ் தமிழ் எழுத்தில் அச்சாவதால் நான் ஒலியைத்தான் தருகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில், ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தைப் பெரியதாக வைத்துத் தட்டச்சிட வேண்டும். முதல் வரியில் சதுர அடைப்புக்குறிக்குள் டெஸ்க்டாப் என்ட்ரி என்று எழுதுங்கள். அடுத்த வரி டைப். அதற்குச் சமக்குறியிட்டு அப்ளிகேஷன் என்று எழுதுங்கள். அதற்கடுத்தது நேம், சமக்குறிக்குப் பின் ஐகானின் கீழே தெரிய வேண்டிய பெயர் வரும். நான்காவதான எக்ஸெக் என்னும் வரிதான் உயிர்நாடி. அதில் சமக்குறிக்குப் பின், சிறிய எழுத்துகளில் பாஷ் என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஸ்கிரிப்டின் முழு முகவரியையும் முதல் சாய்கோட்டிலிருந்து எழுத வேண்டும். கடைசியாக டெர்மினல் என்னும் வரிக்குச் சமக்குறியிட்டு, சிறிய எழுத்துகளில் ட்ரூ என்று எழுதுங்கள். விரும்பினால் ஐகான் என்னும் வரியில் ஒரு படத்தின் முழு முகவரியைத் தரலாம், இல்லாவிட்டாலும் குற்றமில்லை.

எக்ஸெக் வரியில் முழு முகவரியை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. டெர்மினலில் தட்டும்போது உங்கள் கட்டளையை, கட்டளைகளைப் புரிந்து இயக்கும் ஷெல் என்னும் நிரல் வாங்கி, '~' என்னும் குறியை உங்கள் வீட்டுக் கோப்புறையின் (ஹோம்) முகவரியாக விரித்து, பிறகுதான் ஓட விடுகிறது. ஐகானை அழுத்தும்போது நடுவில் அந்த ஷெல் இல்லை. எனவே '~' என்பது வெறும் குறியாகவே நின்றுவிடும். வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும் '>' குறியும் வேலை செய்யாது. '%' என்னும் குறிக்கு அந்த வரியில் வேறு பொருள் இருப்பதால், தேதியை அமைக்கும் கட்டளைகளை அங்கே எழுதினால் சிக்கல்தான். இப்படிப்பட்டவற்றையெல்லாம் ஸ்கிரிப்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, எக்ஸெக் வரியை முடிந்தவரை எளிமையாக விடுங்கள். முகவரியில் எங்காவது இடைவெளி இருந்தால் முகவரி முழுவதையும் இரட்டை மேற்கோள்குறிக்குள் அடைக்க வேண்டும். அதைவிட, கோப்புறைப் பெயர்களில் இடைவெளியே இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

இதே காரணத்தால் மருமகனிடம் இன்னும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்ட் இருக்கும் கோப்புறைக்குள் நின்றுகொண்டு அவர் அதைச் சோதித்திருந்தால், உள்ளே குறுகிய கோப்புப் பெயர்களை மட்டும் எழுதியிருக்கக்கூடும். ஐகான் வழியாக அழைக்கும்போது ஸ்கிரிப்ட் பெரும்பாலும் வீட்டுக் கோப்புறையிலிருந்து ஓடுவதால், அந்தப் பெயர்கள் அகப்படாமல் போகும். ஸ்கிரிப்டுக்குள்ளும் முழு முகவரிகளே இருக்கட்டும். அல்லது பாத் என்னும் வரியை இந்தக் கோப்பில் சேர்த்து, எந்தக் கோப்புறையிலிருந்து ஓட வேண்டும் என்று குறிப்பிடுங்கள். பாஷ் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியில் அவர் கட்டளைகளுக்குச் சுருக்கப் பெயர்கள் வைத்திருந்தால் அவையும் இங்கே செல்லா.

பெயர் தமிழில் வேண்டும் என்று கேட்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இந்தக் கோப்புகள் யூனிகோடில் இருப்பதால் நேம் வரியில் 'கோவில் பதிவுகளைப் படியெடு' என்று நேராகவே எழுதலாம். நேம் என்பதை அடுத்துச் சதுர அடைப்புக்குறிக்குள் தமிழுக்குரிய டி, ஏ என்னும் இரண்டு சிறிய எழுத்துகளை இட்டுத் தனி வரியாகத் தமிழ்ப் பெயர் தரும் முறையும் உண்டு; ஆனால் கணினியின் மொழியே தமிழாக அமைக்கப்பட்டிருந்தால்தான் அந்தப் பெயர் தெரியும். நம் நாட்டில் பெரும்பாலான கணினிகள் ஆங்கிலத்தில் இருப்பதால் முதல் முறையே உங்களுக்குப் பயன்படும்.

கோப்பின் பெயர் புள்ளியும் டெஸ்க்டாப் என்னும் சொல்லும் சேர்ந்து முடிய வேண்டும். வைக்கும் இடம் இரண்டு. டெஸ்க்டாப் கோப்புறையில் வைத்தால் ஐகான் கண்முன் இருக்கும். ஆனால் அதன்மேல் வலது கிளிக் செய்து 'அலோ லாஞ்சிங்' என்பதை ஒருமுறை தேர்ந்தெடுத்தால்தான் உபுண்டு அதை ஓட அனுமதிக்கும். வீட்டுக் கோப்புறையில் மறைந்திருக்கும் .லோக்கல் என்பதற்குள் ஷேர், அதற்குள் அப்ளிகேஷன்ஸ் என்னும் கோப்புறையில் வைத்தால், இந்த அனுமதிக்கு வேலையின்றி மற்ற மென்பொருள்களோடு சேர்ந்து பட்டியலில் வந்துவிடும். அங்கிருந்து பக்கப் பட்டையில் நிலையாகப் பொருத்திக்கொள்ளலாம். நான் பரிந்துரைப்பது இரண்டாவதைத்தான். எத்தனை ஜன்னல்கள் திறந்திருந்தாலும் பக்கப் பட்டை மறைவதில்லை. பெரியவர்கள் தவறுதலாக இழுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடும் அபாயமும் இல்லை.

கேள்வி: ஐயா, நானும் இப்படி ஓர் ஐகான் செய்தேன். அழுத்தினால் ஒரு கறுப்பு ஜன்னல் தோன்றி, நான் படிப்பதற்குள் மறைந்துவிடுகிறது. படியெடுத்ததா இல்லையா என்றே தெரியவில்லை.
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: அம்மா, ஸ்கிரிப்ட் முடிந்ததும் அதற்கென்று திறந்த ஜன்னலும் மூடிக்கொள்வது இயல்பு. வேலை நன்றாக முடிந்தாலும் பிழையால் நின்றாலும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதுதான் இதில் உள்ள தீமை. படியெடுப்பதற்கான ஸ்கிரிப்ட் என்றால் இதை ஒரு நாளும் அப்படியே விட்டுவிடாதீர்கள். படி எடுக்கப்படவில்லை என்பது, மூலப் பதிவு அழிந்த பிறகுதான் தெரியவரும்.

ஸ்கிரிப்டின் கடைசி வரியாக ரீட் என்னும் கட்டளையைச் சேர்த்தால், என்டர் விசையை அழுத்தும்வரை ஜன்னல் காத்திருக்கும். நடுவில் எக்ஸிட் கட்டளை இருந்தால் கடைசி வரிக்கு வராமலே ஓட்டம் நின்றுவிடும் என்பதால், எப்படி முடிந்தாலும் ரீட் நடைபெறுமாறு டிராப் என்னும் கட்டளையை ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே எழுதுவது இன்னும் உறுதியானது.

அப்போது ஜன்னலில் நிற்கும் செய்தியைப் படியுங்கள். வெளி டிஸ்க் இணைக்கப்படவில்லை என்பதே காரணமாக இருக்கக்கூடும். மவுண்ட்பாயிண்ட் என்னும் கட்டளையால் டிஸ்க் இருக்கிறதா என்று முதலில் சோதித்து, இல்லையென்றால் 'டிஸ்க்கை இணைக்கவும்' என்று தமிழிலேயே அறிவிக்கும்படி செய்துவிடுங்கள். எல்லாக் கட்டளைகளும் சரியாக இருந்தும் ஒவ்வொரு வரியிலும் பிழை வருகிறதென்றால், ஸ்கிரிப்ட் விண்டோஸ் கணினியில் எழுதப்பட்டதா என்று கேளுங்கள். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்றைக் கூடுதலாக இடுகிறது. டாஸ்டூயூனிக்ஸ் என்னும் சிறு கருவி அதை நீக்கிவிடும்.

மின்வெட்டுக்குப் பழகிப்போன நமக்கு இன்னொரு சொல்: படியெடுக்க ஆர்சிங்க் கட்டளையைப் பயன்படுத்தினால், நடுவில் மின்சாரம் போனாலும் மின்சாரம் வந்த பின் அதே ஐகானை மறுபடி அழுத்தினால் போதும். முன்பே முழுமையாகப் படியெடுத்தவற்றை விட்டுவிட்டு, விடுபட்டவற்றை மட்டும் அது எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: கணினியைப் புதுப்பிக்கும் ஸ்கிரிப்டில், நிர்வாக உரிமையோடு கட்டளைகளை இயக்கும் சுடோ இருக்கிறது. டெர்மினல் இல்லாமல் ஐகானை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை. கடவுச்சொல்லை ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடலாமா?
– வாசகர், டோங்காட்

பதில்: வேண்டவே வேண்டாம். அந்தக் கோப்பைத் திறக்க முடிந்த எவரும் கணினி முழுவதையும் கையில் எடுத்துக்கொள்ளலாம். சுடோ கடவுச்சொல் கேட்பதற்கு ஒரு டெர்மினல் வேண்டும்; அது இல்லாததால்தான் உங்கள் ஸ்கிரிப்ட் பேசாமல் நின்றுவிடுகிறது. டெர்மினல் வரியில் ட்ரூ என்று மாற்றினால் ஜன்னல் திறந்து கடவுச்சொல்லைக் கேட்கும். ஜன்னலே வேண்டாமென்றால் சுடோவுக்குப் பதில் பிகேஎக்ஸெக் என்று எழுதுங்கள். கடவுச்சொல் கேட்கும் சிறு பெட்டி திரையில் வரும். எப்படியானாலும் நிர்வாக உரிமை தேவைப்படும் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் அதைக் கொடுங்கள். ஸ்கிரிப்ட் முழுவதற்கும் கொடுக்க வேண்டாம்.