ஸ்கேன்-பில்ட் 'பிழை இல்லை' என்றால் நம்பலாமா?

நிரல் நல் பாயின்டரில் (எதையும் சுட்டாத null pointer) செயலிழந்து விழுகிறது, நிரலை ஓட்டாமலே அலசிப் பிழை தேடும் கருவியான ஸ்கேன்-பில்டோ (scan-build) ஒரு பிழையும் காட்டவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் அது உங்கள் நிரலைப் பார்த்திருக்கவே இல்லை. கம்பைல் ஆகும் கோப்புகளை மட்டுமே அது அலசும். ஏற்கெனவே பில்ட் முடிந்திருந்தால், பில்டை நடத்தும் மேக் (make) கருவி எதையும் தொடாது. அதனால் முதலில் மேக் கிளீன் (make clean) கொடுத்துப் பழைய பில்டை அழித்துவிட்டு, ஸ்கேன்-பில்டை மறுபடி ஓட்டுங்கள்.

அதன் பிறகும் காலியாக வந்தால், பில்ட் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலைத் திறந்து பாருங்கள். கம்பைல் கட்டளையில் '$(CC)' என்ற மாறிக்குப் பதில் ஜிசிசி (gcc) கம்பைலரின் பெயரே நேரடியாக இருந்தால் அது காரணமாக இருக்கலாம். ஸ்கேன்-பில்ட் அந்த மாறியில் வைக்கும் தன் கம்பைலரை அந்தக் கட்டளை பயன்படுத்தாது. அங்கே '$(CC)' என்று மாற்றுங்கள். மேக்ஃபைலை உருவாக்கித் தரும் சிமேக் (CMake) கருவியைப் பயன்படுத்தினால், புதிய கோப்புறையில் சிமேக் கட்டளையையும் ஸ்கேன்-பில்ட் வழியாகவே ஓட்ட வேண்டும், ஏனெனில் கம்பைலர் பாதை சிமேக்கின் கேஷில் (சேமிப்புக் கோப்பில்) பதிந்துவிடும்.

ஸ்கேன்-பில்டை டீபக் பில்டிலேயே (பிழை தேடுவதற்கான பில்டில்) ஓட்டுங்கள். அசர்ட்டுகள் (assert, நிரலுக்குள் எழுதும் சரிபார்ப்புகள்) நீங்கிய பில்டில் பொய் எச்சரிக்கைகள் கூடும்.