மருத்துவர் பதில்: தாத்தா இல்லாத முதல் ஐப்பசி

கேள்வி: டாக்டர், நாங்கள் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். ஜூன் மாதம் எங்கள் தாத்தா தவறிவிட்டார். பாட்டிக்கு 73 வயது. இனிப்புநீரும் ரத்த அழுத்தமும் உண்டு. மெட்ஃபார்மின், கிளிக்லசைட், அம்லோடிபின் சாப்பிடுகிறார். தாத்தா போனதிலிருந்து சாப்பாடு சரியில்லை. காலையில் இரண்டு பிஸ்கட்டும் கோப்பியும்தான். நன்றாக இளைத்துவிட்டார். சில நாள் பதினொரு மணி வாக்கில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, படபடவென்று வருகிறது என்கிறார். கவலைதான் காரணம் என்று விட்டுவிட்டோம். சாயங்காலம் 5 மணி ஆனால் தாத்தாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிறது என்று வாசலுக்குப் போகிறார். தூக்கம் வருவதற்காகப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி தன் மாத்திரையில் பாதி கொடுக்கிறார். லண்டனில் இருக்கும் அத்தை, அங்கே இலையுதிர்காலப் பள்ளி விடுமுறை என்பதால், அக்டோபர் கடைசியில் பிள்ளைகளோடு வருகிறார். தாத்தாவின் காரியத்துக்கு அவரால் வர முடியவில்லை. ஒரு சனிக்கிழமை முழுவதும் பாட்டியைப் பினாங்குத் தீவுக்குக் கூட்டிப் போய், கொடிமலை, தண்ணீர்மலைக் கோயில், லிட்டில் இந்தியா, கர்னி கடற்கரை எல்லாம் காட்ட வேண்டும் என்கிறார். வருஷம் திரும்பவில்லை, போகக் கூடாது என்கிறார் பெரியம்மா. பாட்டியின் உடம்பு தாங்குமா? அவருக்கு வந்திருப்பது மனச்சோர்வா?

பதில்: கூட்டிப் போகலாம், அம்மா. ஆனால் அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால், இந்த வாரமே, பாட்டியை ஒருமுறை கிளினிக்குக் கூட்டிப் போங்கள். உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்த வரி தாத்தாவின் மோட்டார் சத்தம் இல்லை. பதினொரு மணிக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்குகிறதே, அதுதான்.

கிளிக்லசைட் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. பாட்டி முழுச் சாப்பாடு சாப்பிட்ட காலத்தில் கொடுத்த அளவு அது. இப்போது இரண்டு பிஸ்கட்டுக்கும் அதே அளவு உள்ளே போகிறது. சாப்பாடு குறைந்தது மாத்திரைக்குத் தெரியாது. அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ரத்தத்தில் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் வேர்வை, நடுக்கம், படபடப்பு, எரிச்சல், குழப்பம் எல்லாம் வரும். துக்க வீட்டில் இவை எல்லாவற்றையும் அழுகையின் கணக்கில் எழுதிவிடுகிறோம். நான் பார்த்த வீடுகளில் இது ஒருமுறை இருமுறை நடந்ததல்ல.

அடுத்த முறை படபடப்பு வரும்போது உடனே விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். கருவி கையில் இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சரியானதும் ரொட்டியோ சோறோ கொடுக்க வேண்டும். சீனித் தண்ணீர் மட்டும் போதாது. இந்த மாத்திரையால் வரும் இறக்கம் வயதானவர்களுக்கு மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப வரக்கூடியது. ஆள் மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999ஐக் கூப்பிடுங்கள். சாப்பிடாத வேளையில் கிளிக்லசைட் கொடுக்காதீர்கள். அதற்காக எல்லா மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம். மாத்திரைப் பையை அப்படியே கிளினிக்குக் கொண்டுபோய், “நாலு மாதமாகச் சாப்பாடு இல்லை, இளைத்துவிட்டார்” என்று சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, வேறு மருந்து கொடுப்பதா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். உடம்பு இளைத்தால் ரத்த அழுத்த மாத்திரையும் கூடுதலாகிவிடலாம். அதனால் படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். சோர்வுக்கு அதுவும் ஒரு காரணம். ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடட்டும்.

அப்புறம் அந்தத் தூக்க மாத்திரை. பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் நல்ல மனம் புரிகிறது. ஆனால் இந்த வயதில் அது ராத்திரி கழிவறைக்கு எழும்போது கீழே தள்ளிவிடும். இடுப்பு எலும்பு முறிந்தால் இந்தக் குடும்பம் இன்னொரு துயரத்தைச் சுமக்க வேண்டியிருக்கும். ஒருவர் மாத்திரையை இன்னொருவர் சாப்பிடவே கூடாது. எத்தனை நாளாகக் கொடுக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வெகுநாள் சாப்பிட்டிருந்தால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சரி, மோட்டார் சத்தத்துக்கு வருகிறேன். இதற்குப் பயப்படாதீர்கள். வேல்ஸில் டூவி ரீஸ் என்ற மருத்துவர் துணையை இழந்த 293 பேரைச் சந்தித்துப் பேசி, 1971இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் போனவரின் குரலைக் கேட்டிருந்தார்கள், உருவத்தைப் பார்த்திருந்தார்கள், அல்லது பக்கத்தில் இருப்பதாக உணர்ந்திருந்தார்கள். பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பலர் அதை யாரிடமும் வாய்திறந்து சொன்னதில்லை. எத்தனையோ வருடம் 5 மணிக்குக் கேட்ட சத்தம், நாலு மாதத்தில் காதை விட்டு எப்படிப் போகும்? “அங்கே யாரும் இல்லை பாட்டி” என்று திருத்தாதீர்கள். “தாத்தா வந்ததும் முதலில் என்ன கேட்பார்?” என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் குரல் “நீயும் வந்துவிடு” என்று அழைக்கிறது என்றாலோ, இல்லாத வேறு ஆட்கள் தெரிகிறார்கள், நாள் கிழமை குழம்புகிறது என்றாலோ அது வேறு விஷயம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்போது அத்தையைப் பற்றி. நீங்கள் அவரைப் பற்றி எழுதியது இரண்டே வரிதான். நான் அதைத்தான் அதிக நேரம் யோசித்தேன். அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாத மகள் அவர். காரியத்துக்கு வர முடியாதது அவர் நெஞ்சில் கல்லாக இருக்கும். அதனால்தான் ஒரே நாளில் நாலு இடம். அம்மாவுக்கு எதையாவது செய்துவிட வேண்டும் என்று தவிக்கிறார். அந்தத் தவிப்பைத் தள்ளிவிடாதீர்கள். ஆனால் வந்த முதல் நாளே வெளியே கிளம்பாமல், அம்மாவும் மகளும் தாத்தா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழ ஒரு நாள் விடுங்கள். அந்த அழுகை முடியாமல் எந்த மலைக்கு ஏறியும் பயன் இல்லை. அவசரம் அத்தைக்கு, களைப்பு பாட்டிக்கு என்று ஆகிவிடும்.

ஆயர் ஈத்தாமில் இருந்து என்னிடம் வரும் ஓர் அம்மாவின் நினைவு வருகிறது. கணவர் போன ஒரு மாதத்தில் பிள்ளைகள் அவரைக் கேமரன் மலைக்குக் கூட்டிப் போனார்கள். அம்மா அழுதுவிடக் கூடாது என்று, அப்பா பேச்சையே எடுப்பதில்லை என எல்லாரும் பேசி வைத்திருந்தார்கள். திரும்பி வந்ததும் அந்த அம்மா என்னிடம் சொன்னது: “ரெண்டு நாளும் ஒருத்தரும் அவர் பேரைச் சொல்லல டாக்டர். அப்படி ஓர் ஆளே இருந்ததில்லன்ற மாதிரி இருந்துச்சு.” பிள்ளைகள் பாசத்தில் செய்ததுதான். ஆனால் பாசமாகச் செய்தது அவரைத் தனியாக்கிவிட்டது.

மறக்க வைப்பதற்காகக் கூட்டிப் போகாதீர்கள். நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் 1999இல் துக்கத்தை விளக்கிய விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். துக்கத்தில் இருப்பவர் ஊஞ்சலில் இருப்பது போல இரண்டு பக்கமும் போய் வருகிறார். ஒரு நேரம் இழப்பின் பக்கம், ஒரு நேரம் அன்றாட வாழ்க்கையின் பக்கம். இரண்டும் வேண்டும். பாட்டி வழியில் சிரித்துவிட்டு, பத்து நிமிடத்தில் கண்ணைத் துடைத்தால் அந்த நாள் கெட்டுப்போகவில்லை. “ஏன் அழறீங்க, ஜாலியா இருக்கத்தானே வந்தோம்” என்று மட்டும் யாரும் சொல்லாமல் இருந்தால் போதும்.

எங்கே போவது? அதைப் பாட்டியிடமே கேளுங்கள். “தாத்தாவும் நீங்களும் ஞாயிற்றுக்கிழமையில் எங்கே போவீர்கள்?” என்று பேச்சுக் கொடுங்கள். பட்டர்வொர்த்தில் வாழ்ந்தவர்களுக்கு ஃபெர்ரி இல்லாத ஞாபகம் இருக்காது. பூலாவ் ரிமாவ், பூலாவ் அங்சா என்று தீவுப் பெயர்களோடு ஓடிய பழைய மஞ்சள், நீலப் படகுகள் இப்போது ஓடுவதில்லை. 2023இல் இருந்து புதிய படகுகள் ஓடுகின்றன. அவற்றில் ஆட்களும் மோட்டாரும் சைக்கிளும்தான் போகலாம், கார் ஏறாது. அதனால் ஒருவர் காரைப் பாலம் வழியாக ஓட்டிப் போய் அக்கரையில் காத்திருக்கட்டும். மற்றவர்கள் பாட்டியோடு படகில் போங்கள். கடல் காற்று, உட்கார இடம், கால் மணி நேரப் பயணம். இந்த உடம்புக்கு அது பொருத்தம்.

அக்கரையில் ஓர் இடம் போதும். கொடிமலை என்றால் காலையில் சீக்கிரம் போங்கள். அக்டோபர் பினாங்கில் நல்ல மழை மாதம், வானம் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் இருட்டிக்கொண்டு வரும். சனிக்கிழமை மலை ரயிலுக்கு வரிசை நீளும். பாட்டியை அந்த வரிசையில் நிற்க வைக்காதீர்கள், சக்கர நாற்காலி கொண்டு போங்கள். நடப்பவருக்கு எதற்கு என்று கூச்சப்பட வேண்டாம். உச்சி 833 மீட்டர். கீழே வேர்க்கும்போது மேலே குளிரும், எனவே ஒரு சால்வை. ஏறும்போது காது அடைத்தால் எச்சில் விழுங்கச் சொல்லுங்கள். தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளை இந்த முறை விட்டுவிடுங்கள். முருகனைப் பார்க்க வேண்டும் என்று பாட்டியே ஆசைப்பட்டால் கொடிமலை மேலேயே ஒரு முருகன் கோயில் இருக்கிறது.

கிளம்புமுன் பசியாற வைத்தே கூட்டிப் போங்கள். கையில் கருவி, சீனி, பிஸ்கட், தண்ணீர், மாத்திரைப் பட்டியல் இருக்கட்டும். பாட்டி “வீட்டுக்குப் போகலாம்” என்றால், அது பதினொரு மணியாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தால் மிக நல்லது. வழியில் திடீரென்று நெஞ்சு அழுத்தம், மூச்சு வாங்கல், தாடையிலோ முதுகிலோ வலி வந்தால், துக்கத்தினால் என்று விட்டுவிடக் கூடாது. பெரிய துயரத்தில் இதயத் தசை தற்காலிகமாகப் பலவீனமாகி, மாரடைப்பு போலவே வரும் நிலை ஒன்று உண்டு. 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் அதை முதலில் விவரித்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம் வருகிறது. அதுவா, உண்மையான மாரடைப்பா என்று வீட்டில் இருந்து சொல்ல யாராலும் முடியாது. ஆம்புலன்ஸ்தான் ஒரே வழி.

பெரியம்மாவோடு சண்டை போடாதீர்கள். அவருக்கும் இது துக்க வருடம். சில குடும்பங்களில் வருஷம் திரும்பும்வரை மலைக் கோயிலுக்குப் போவதில்லை, தீபாவளி எடுப்பதில்லை, அதை மதிக்கலாம். கடற்காற்று வாங்குவது பண்டிகை ஆகாது. “வருஷம் திரும்பும்வரை உள்ளேயே இரு” என்பது பாட்டியின் விருப்பமா, மற்றவர்களின் பேச்சா என்று பெரியம்மாவே பாட்டியிடம் கேட்கட்டும். முடிந்தால் அவரையும் படகில் ஏற்றுங்கள்.

மனச்சோர்வா என்று கேட்டீர்கள். நாலு மாதத்தில் அழுவது, பசி குறைவது, தூக்கம் கெடுவது துக்கத்திலும் வரும். துக்கத்தில் இருப்பவருக்கு நடு நடுவே பேரப்பிள்ளையைப் பார்த்தால் முகம் மலரும், நினைவு வந்தால் மறுபடி கலங்கும். மனச்சோர்வில் எதுவுமே உள்ளே போகாது. எதிலும் ஆசை இல்லாமல், நாள் முழுவதும் இருண்டுபோய், “நான் எதற்கும் லாயக்கில்லை, எல்லாம் என்னால்தான்” என்பது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சிகிச்சை வேண்டும். அதற்கு மருந்தும் உண்டு, பேச்சு சிகிச்சையும் உண்டு. 73 வயதிலும் குணமாகும். ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டியும் ஏக்கம் கொஞ்சமும் தணியாமல் அன்றாட வேலையே நின்றுபோனால், அதற்கென்றே தனி சிகிச்சை இருக்கிறது. நாலு மாதமாகச் சாப்பிடாமல் இளைத்திருப்பதால், கிளினிக்குக்குப் போகும் அன்றே இதையும் கேட்டுவிடுங்கள். “சாக வேண்டும் போல இருக்கிறதா பாட்டி?” என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனை. உங்களுக்குப் பேச ஆள் வேண்டும் என்றாலும் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் ஹீல் 15555 காலை 8 மணியிலிருந்து நள்ளிரவு வரை இருக்கிறது.

இன்னும் ஒன்று. சனிக்கிழமை எல்லாரும் இருப்பார்கள். அத்தை விமானம் ஏறிய மறுநாள்தான் வீடு மறுபடி காலியாகும். அந்த நாளை இப்போதே குறித்து வையுங்கள். அன்று சாயங்காலம் 5 மணிக்கு நீங்கள் ஒருவராவது வேலையிலிருந்து முன்னாலேயே வந்து, சீனி போடாத ஒரு தேத்தண்ணியும் சாப்பிட ஏதாவதும் எடுத்துக்கொண்டு, வாசலில் பாட்டிக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.