மலிவு கிளிக்கில் இறங்கலாமா?

கேள்வி: கரூரில் கிச்சன் டவல், ஏப்ரன் தைத்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறோம். புது மொத்த வியாபாரிகளைப் பிடிக்கலாம் என்று கூகுளில் விளம்பரம் கொடுத்தால், ஒரு கிளிக்குக்கே கையைச் சுடுகிறது. சின்னத் தேடுபொறிகளில் பாதி விலைக்குக் கிளிக் கிடைக்கும் என்கிறான் என் மகன். இறங்கலாமா?
- வாசகி, கரூர்

பதில்: இறங்கலாம் அம்மா. ஆனால் எந்தச் சின்னது என்று பார்த்து இறங்குங்கள்.

தேடும் சொல்லை ஏலம் விட்டு, கிளிக்குக்குக் காசு வாங்கும் வியாபாரத்தை முதலில் பெரிதாக்கியது கூகுள் இல்லை. 1998-இல் பில் கிராஸ் என்ற அமெரிக்கர் தொடங்கிய கோடூ.காம். பிறகு ஓவர்ச்சர் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2003-இல் யாகூ கைக்குப் போனது. அதைப் பார்த்து ஃபைண்ட்வாட், கனூடில், செவன்சர்ச் என்று வரிசையாகக் கடைகள் முளைத்தன.

2004-இல் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்காக நானும் ஒரு சின்னக் கடையில் (பெயர் வேண்டாம்) 50 டாலர் கட்டினேன். கிளிக் 5 சென்ட். இரண்டே நாளில் ஆயிரம் கிளிக். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்தார். மூன்றாம் நாள் சர்வர் லாகை, அதாவது தளத்துக்கு யார் எங்கிருந்து வந்தார்கள் என்ற பதிவைத் திறந்தேன். எழுநூறு கிளிக்குக்கு மேல் நாலே நாலு ஐ.பி. முகவரிகளிலிருந்து (இணைய இணைப்பின் அடையாள எண்)! வந்த வேகத்தில் திரும்பிப் போயிருக்கிறார்கள். 'விலை என்ன?' என்று கேட்டு ஒரு மெயில்கூட இல்லை. அந்த ரோஸ்ட் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

விஷயம் இதுதான். அந்த மாதிரிச் சின்னக் கடைகளுக்கு நேராக வந்து தேடுகிறவர்கள் குறைவு. அதனால் உங்கள் விளம்பரத்தை ஊர் பேர் தெரியாத தளங்களில் ஒட்டி, வருகிற காசை அவர்களோடு பங்கு போடுவார்கள். தளம் நடத்துகிறவனுக்குக் கிளிக் விழுந்தால் போதும், டவல் விற்றால் என்ன, விற்காவிட்டால் என்ன? பெரிய இடத்திலும் இந்தத் தொல்லை உண்டு. போலி கிளிக் வழக்கில் கூகுளே 2006-இல் 9 கோடி டாலர் வரை தருவதாகச் சமரசம் செய்துகொண்டது.

இன்றைக்கு உங்களுக்குத் தோதான 'சின்னது' மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங். அமெரிக்க அலுவலகத்தில் உட்கார்ந்து சரக்கு தேடுகிறவர் முன்னால் பெரும்பாலும் விண்டோஸ் கம்ப்யூட்டர் இருக்கும். அதில் எட்ஜ் பிரவுசர், எட்ஜுக்குள் பிங். மாற்றத் தோன்றாமல் அதிலேயே தேடுகிற ஆள்தான் உங்களுக்கு வேண்டியவர். டக்டக்கோ என்ற இன்னொரு தேடுபொறியில் வருகிற விளம்பரமும் மைக்ரோசாஃப்ட் வழியாகவே போகிறது, அதற்குத் தனிக்கணக்கு தேவையில்லை.

கூகுள் விளம்பரங்களை அப்படியே இறக்குமதி செய்ய மைக்ரோசாஃப்ட் விளம்பரக் கணக்கில் வசதி உண்டு. உங்கள் மகன் அங்கேதான் அவசரப்படுவான். இறக்கியதும் இடம் பற்றிய அமைப்பைத் திறந்து, அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அமெரிக்காவைப் பற்றித் தேடுகிற மதுரைக்காரரின் கிளிக்குக்கும் நீங்கள்தான் காசு கட்டுவீர்கள். அப்புறம், 'ஃப்ரீ', 'பேட்டர்ன்' மாதிரிச் சொற்களை நெகட்டிவில் போடுங்கள், அந்தச் சொல்லோடு தேடுகிறவருக்கு உங்கள் விளம்பரம் வராது. வீட்டில் தைத்துப் பார்க்கிறவர்கள் உங்களுக்கு வேண்டாம். கிச்சன் டவலை அமெரிக்காவில் பலர் 'டிஷ் டவல்' என்று தேடுவார்கள், அதையும் சேருங்கள்.

கிளிக் விலையை மறந்துவிடுங்கள். கூகுளில் 2 டாலர் கிளிக், ஐம்பதுக்கு ஒருவர் விலை கேட்கிறார் என்று வையுங்கள்: ஒரு விசாரணைக்கு 100 டாலர். பிங்கில் 1 டாலர்தான், ஆனால் இருநூறுக்கு ஒருவர் என்றால் 200 டாலர். இதில் எது மலிவு? இன்னொன்று, பிங்கில் தேடுகிற கூட்டமே குறைவு. கூகுளை மூடிவிட்டு அங்கே போனால் ஆர்டர் புத்தகம் காய்ந்துவிடும், இரண்டும் ஓடட்டும்.

முதல் மாதம் 150 டாலரைத் தாண்ட வேண்டாம். எந்தெந்தத் தளத்திலிருந்து கிளிக் வந்தது என்று காட்டும் பப்ளிஷர் ரிப்போர்ட்டை வாராவாரம் மகன் எடுக்கட்டும். வாயில் நுழையாத பெயரில் ஒரு தளம் நாற்பது கிளிக் கொடுத்து ஒரு மெயிலும் தராவிட்டால், அன்றைக்கே விலக்குப் பட்டியலில் போட்டுவிடச் சொல்லுங்கள்.